கதவை ஜன்னல் என்ற பெண்

சும்மா இருப்பது செண்பகவல்லியின் ஜாதகத்திலேயே கிடையாது. கோவில்பட்டியில் முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இரண்டே மாதத்தில் வீட்டுச் சுவர்களோடு சண்டை போட ஆரம்பித்தாள். மகன் பயந்துபோய் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தான். அவர்கள் அவளை லாவோஸ் நாட்டுக்கு, மேகாங் ஆற்றங்கரையில் இருந்த ஒரு புத்த மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும். சம்பளம் கிடையாது, சோறும் பாயும் உண்டு.

மடத்தை நடத்தியவள் புன்மி என்ற வெள்ளுடைத் துறவி. வயது நாற்பதுதான். இலங்கை மலைநாட்டில் பத்து வருஷம் படித்தவள் என்பதால், தேயிலைத் தோட்டத்து ஜனங்களிடம் பழகிய தமிழ் நாக்கில் ஒட்டியிருந்தது. அதிகம் பேசமாட்டாள். அந்த அமைதி செண்பகவல்லிக்குப் பிடித்துப்போயிற்று. தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவள் என்றும் பாராமல் வந்த வாரமே அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டு, விடிகாலையில் தியானத்துக்கும் உட்கார்ந்தாள்.

தியானம் வந்ததோ என்னவோ, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை.

வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. வந்துவிட்டு ஓடிப்போயிற்று. நொய் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், இருபத்திரண்டு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. கதவைக் காட்டி இது என்ன என்று கேட்டால் 'டோர்' என்பாள். சரியான பதில். செண்பகவல்லி தலையை ஆட்டுவாள். வாயால் பாராட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அவளுடைய முப்பத்தோரு வருஷக் கொள்கை. அவள் தலை ஆடினாலே கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இங்கேயோ, நொய்யின் முகம் சுருங்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு 'விண்டோ' என்பாள்.

ஒருத்தி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவன் பூனையைச் சரியாகச் சொல்லிவிட்டு நாயாக மாற்றினான். இன்னொருத்தி பத்தை ஒன்பதாக்கி, பிறகு எட்டாக்கி, அழுதாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாதவர்களைச் செண்பகவல்லி பார்த்திருக்கிறாள். வாய்க்குள் போனதைத் துப்புகிறவர்களை இங்கேதான் பார்த்தாள். அதட்டினாள், கெஞ்சினாள், மேஜையைத் தட்டினாள். நாற்பதாம் நாள் வகுப்பே வாயை மூடிக்கொண்டது.

நாற்பத்தோராம் நாள் நொய்யின் தாய் வந்தாள். சந்தையில் மீன் விற்பவள். பட்டணத்துப் பெரிய பள்ளியில் இங்கிலீஷில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் மகளுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். இப்போது மகளே தனக்கு மூளை இல்லை, படிப்பு வேண்டாம் என்கிறாளாம். நாளைக் காலையில் வந்து சந்தைக்குக் கூட்டிப்போய்விடுவதாகப் புன்மியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மட்டும் புன்மி வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். மத்தியானம் அவள் சமையல்கூடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது செண்பகவல்லி போய் நின்றாள்.

"என்னை ஊருக்கு அனுப்பிருங்கம்மா. இல்லேன்னா இந்தப் புள்ளைகளுக்கு முதல்ல தைரியத்தைச் சொல்லிக்கொடுங்க. சரியான பதிலைச் சொல்லிட்டு, அதுலயே நிக்கத் தெரியலை. அந்தப் புள்ள வாழ்க்கையே போகுது."

புன்மி கீரையை ஒதுக்கி வைத்தாள். "உக்காருங்க டீச்சர். எங்க பாஷை கொஞ்சம் படிச்சிருப்பீங்க. இது என்ன?"

அவள் காட்டியது தண்ணீர்க் குடம்.

"நாம்," என்றாள் செண்பகவல்லி. தண்ணீருக்கு லாவோ மொழியில் அதுதான் சொல்.

புன்மி 'இல்லை' என்று தலையை அசைத்தாள்.

செண்பகவல்லி திகைத்தாள். குடத்தைக் கேட்கிறாளோ என்று எண்ணி, குடத்துக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னாள். புன்மி அடுத்து வாசலில் படுத்திருந்த நாயைக் காட்டினாள்.

"மா."

மறுபடியும் இல்லை என்ற தலையசைப்பு. அந்த மொழியில் குரலை ஏற்றி இறக்கினால் பொருளே மாறிவிடும். செண்பகவல்லி குரலை மாற்றிச் சொல்லி நாயைக் குதிரையாக்கினாள். சோற்றைக் காட்டியபோது சரியாகச் சொன்னாள், அதற்கும் இல்லை. நாலாவதாக உப்பைக் காட்டியபோது அவள் வாயே திறக்கவில்லை.

"உப்புக்கு வார்த்தை தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனைச்சேன். இப்ப எதுவுமே தெரியாத மாதிரி இருக்கு."

"நாலும் உங்களுக்குத் தெரியும். முதல்ல சொன்ன மூணும் சரி."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பின்ன எதுக்கும்மா ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னு தலையாட்டுனீங்க?"

"நீங்க நாப்பது நாளா எதுக்கு ஆட்டுறீங்க?"

"நானா? நான் சரின்னுல்ல ஆட்டுறேன்." அப்படிச் சொல்லும்போதே அவள் தலை இடதுக்கும் வலதுக்குமாகச் சாய்ந்து சாய்ந்து, நம் ஊரில் எல்லோரும் ஆமாம் என்பதற்கு ஆட்டுவதுபோல, தாராளமாக ஆடியது.

புன்மி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இலங்கையில எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் ஆமாம். பக்கவாட்டுல எப்படிப் போனாலும் இல்லைதான்."

செண்பகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பது நாளில் எத்தனை சரியான பதில்கள், எத்தனை தடவை இல்லை இல்லை இல்லை. நொய்யின் சுருங்கிய முகம் நினைவுக்கு வர, அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. உடனே எழுந்தாள். இப்போதே பிள்ளைகளைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்லப்போவதாகவும், கோவில்பட்டியில் இப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாடமாகவே நடத்திவிடுவதாகவும் சொன்னாள்.

புன்மி முதல் முறையாகப் பெருமூச்சு விட்டாள். "இன்னும் சொல்லிக்கொடுக்கத்தான் போறீங்களா டீச்சர்?"

செண்பகவல்லி நின்றாள்.

"நொய்கிட்ட போங்க. இந்த ஊர்ல ஆமாம்னு எப்படித் தலையாட்டுறதுன்னு கேளுங்க. அவ சொல்லிக்கொடுக்கட்டும்."

"எனக்கு இது அறுபத்திரண்டு வருஷப் பழக்கம் அம்மா. ஒரு நாள்ல இந்தக் கழுத்துக்கு வராது. நாளைக்குக் காலையில அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்களே."

புன்மி கீரையை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

"வரட்டும். இனிமே அவதானே உங்க டீச்சர். உங்க கழுத்துக்கு வர்ற வரைக்கும் அந்தப் புள்ள உங்கள விட்டுப் போகமாட்டா."