குப்பண்ணனுக்கு வந்த பங்கு

கூத்தனேரிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்ததை ஊர் முழுக்கச் சமமாகப் பங்கு போட்டதில் ஆளுக்குக் கொஞ்சம்தான் வந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் வைரக்கண்ணு ஒரு பேண்டு செட் நடத்தி வந்தார். அவரும் சடகோபனும் ட்ரம்பெட், மாசிலாமணி கிளாரினெட், குப்பண்ணன் ஜால்ரா, அந்தோணிசாமி டிரம். செட்டில் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் அங்கேயே உட்கார்ந்து சமமாகப் பிரித்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு குடை கொடுத்தார்கள். அதையும் பிரித்தார்கள். மாசிலாமணிக்கு வந்த இரண்டு கம்பிகள் இன்னும் அவர் வீட்டில் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

இப்படிப் போய்க்கொண்டிருந்த செட்டில் இடி விழுந்தது. அந்தோணிசாமிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. மாரியம்மன் ஊர்வலத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி. பதினோரு வருஷமாக அந்த ஊர்வலம் வைரக்கண்ணு செட்டுக்குத்தான். தர்மகர்த்தா தணிகாசலம் வேறு, ஆள் அனுப்பி, டிரம் சத்தம் இல்லாமல் வந்தால் அடுத்த வருஷத் தாம்பூலம் பக்கத்து ஊர் செட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. தாம்பூலம் கைமாறிவிட்டால் ஊரில் எப்படித் தலை காட்டுவது என்று நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

அந்தோணிசாமி நல்லவன். புறப்படும் முன் ஊர்வலத் தாளத்தை வாசித்து வைரக்கண்ணுவின் செல்போனில் பதிந்து கொடுத்தான். “இதை கம்ப்யூட்டர்ல போட்டுத் துண்டு துண்டா வெட்டி வெச்சுக்கங்கண்ணே. ஊர்வலம் வேகமாப் போனா வேகமா, மெதுவாப் போனா மெதுவா, துண்டு துண்டாப் போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

நான்கு பேரும் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பிரபாவதியிடம் போனார்கள். அவள் பொறுமைசாலி. சத்தத்தை வெட்டுவதற்கு மூன்று சாஃப்ட்வேர் இருக்கிறது, மூன்றையும் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் கம்ப்யூட்டர் தாங்காது என்றும் எச்சரித்தாள். உடனே சடகோபனும் குப்பண்ணனும் மேசைக்கு அடியில் புகுந்து ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். “இப்ப மூணையும் திறங்கம்மா, நாங்க தாங்கிக்கிறோம்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அவர்களை வெளியே வரவைக்கப் பிரபாவதிக்கு ஒரு டீ செலவானது. பிறகு ஹெட்போனைக் கொடுத்து, கேட்டுப் பார்த்து நான்கு பேரும் ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஹெட்போன் ஒன்று, காது எட்டு. வழக்கப்படி பிரித்தார்கள். தாளத்தின் முதல் கால் பகுதியை வைரக்கண்ணு கேட்டார், அடுத்த காலை மாசிலாமணி, அடுத்ததைச் சடகோபன். ஹெட்போன் கைமாறிக் கைமாறி, குப்பண்ணன் முறை வரும்போது தாளம் முடிந்திருந்தது. இருந்தாலும் அவர் ஒழுங்காகக் காதில் மாட்டிக்கொண்டு, தன் பங்கு நேரம் தீரும்வரை தலையாட்டினார்.

முதல் சாஃப்ட்வேர், அடி விழும் இடமெல்லாம் பார்த்துத் தானாகவே வெட்டும். பிரபாவதி அதைத்தான் சிபாரிசு செய்தாள். ஆனால் திரையில் வந்த துண்டுகளில் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்ததைப் பார்த்து வைரக்கண்ணு பதறிப்போனார். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வருவதே இந்த மாதிரி பாகப்பிரிவினையால்தான் என்று சொல்லி அதை மூடச் சொன்னார். இரண்டாவதில் நாமே கோடு போட்டு வெட்ட வேண்டும். கோடு போடுகிறவன் தனக்குப் பெரிதாகப் போட்டுக்கொள்வான் என்று மற்ற மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது எதையும் பார்க்காது, கேட்காது. கொடுத்ததை அளந்து பதினாறு சம துண்டாக வெட்டிவிடும்.

“இதுதாம்மா நியாயமான சாஃப்ட்வேர்” என்றார் வைரக்கண்ணு. அவர் கண் கலங்கியிருந்தது.

பதினாறு துண்டு, நான்கு ஆள். சீட்டுப் போடுவதுபோல வரிசையாக ஆளுக்கொன்று போட்டார்கள். அந்தோணிசாமி வாசித்த ஊர்வலத் தாளம் ‘டும், டக, டும்’ என்று வந்து, நான்காவதாக ஒரு இடைவெளி விட்டுத் திரும்பவும் தொடங்கும். ஆகவே வைரக்கண்ணுவுக்கு நான்கு டும், மாசிலாமணிக்கு நான்கு டக, சடகோபனுக்கு நான்கு டும். குப்பண்ணனுக்கு நான்கு இடைவெளி.

அவரவர் பங்கை அவரவர் செல்போனில் ஏற்றிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரிலும் அந்தோணிசாமி பதிந்து கொடுத்த செல்போனிலும் இருந்த முழுத் தாளத்தை அழித்துவிட்டார்கள். மிச்சம் வைக்கக் கூடாதே. ஒரு பிரதியாவது இருக்கட்டும் என்று பிரபாவதி கெஞ்சிப் பார்த்தாள், பிறகு கடைக்கு உள்ளே போய்விட்டாள்.

குப்பண்ணன் தன் பங்கை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். திரும்பவும் கேட்டார். முகம் சுண்டிவிட்டது.

“என் பங்குல ஒண்ணுமே இல்லையே?”

“நாலு இருக்கே, எண்ணித்தானே கொடுத்தோம்” என்றார் மாசிலாமணி.

“நாலும் சத்தமே இல்லாம இருக்கு.”

“சத்தமில்லாததுதான்யா விலை ஒசத்தி” என்றார் சடகோபன். “ஃபேன் வாங்கப் போனா எது ஒசத்திங்கிறான்? சத்தம் போடாததைத்தானே?”

குப்பண்ணன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது.

ஊர்வல நாள் வந்தது. நான்கு பேரும் கழுத்தில் ஆளுக்கொரு சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, செல்போனைக் கையில் பிடித்து, வரிசையாக நின்றார்கள். ட்ரம்பெட் ஊதினால் பங்கை யார் அழுத்துவது? ஆகவே வாத்தியங்களையெல்லாம் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்னால் வரச் செய்தார்கள். வைரக்கண்ணு டும் போட்டார். மாசிலாமணி டக போட்டார். சடகோபன் டும் போட்டார். குப்பண்ணன் கண்ணை மூடி, தன் துண்டைப் பக்தியோடு அழுத்தினார். டும், டக, டும் என்று வடக்குத் தெரு, கீழத் தெரு எல்லாம் தாண்டினார்கள். வைரக்கண்ணுவுக்கு உயிர் திரும்பி வந்தது.

பெட்டிக்கடை முக்குக்கு வந்தபோது குப்பண்ணனின் செல்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. வைரக்கண்ணு கையை உயர்த்தினார். ஊர்வலம் நின்றது.

தர்மகர்த்தா முன்னால் வந்து என்னவென்று கேட்டார்.

“குப்பண்ணன் அவரு துண்டைப் போடாம நான் அடுத்த டும் போட முடியாதுங்க. தாளம் கெட்டுரும்” என்றார் வைரக்கண்ணு.

பெட்டிக்கடையில் செல்போனைச் சார்ஜில் போட்டார்கள். கால் மணி நேரம் ஆனது. சாமியை இறக்கி வைத்தார்கள். தூக்கி வந்தவர்கள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். பெண்கள் கிட்டே வந்து நிதானமாகக் கும்பிட்டார்கள். பூசாரி ஆட்டிய மணி, தெருக்கோடி வரை கேட்டது. வைரக்கண்ணு மட்டும் வியர்த்துக் கொட்டி நின்றார். பதினோரு வருஷம் இந்த முக்கிலேயே முடிந்துவிட்டது என்று அவர் மனதுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்.

கோயிலுக்குத் திரும்பியதும் தர்மகர்த்தா அவரைக் கூப்பிட்டார். கையில் தாம்பூலத் தட்டு இருந்தது.

“வைரக்கண்ணு, மத்ததெல்லாம் கெடக்கட்டும். பெட்டிக்கடை முக்குல கால் மணி நேரம் ஒண்ணு வாசிச்சீங்களே, அது யாரு?”

“குப்பண்ணனுங்க” என்றார் வைரக்கண்ணு.

குப்பண்ணன் நாணயமானவர். அந்த நேரத்தில் செல்போன் அணைந்து கிடந்தது, அது தன் பங்கில் சேராது என்று உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சடகோபன் அவர் காலை மிதித்தார்.

“இத்தனை வருஷத்துல அம்மனை நான் கண்குளிரப் பார்த்தது இன்னைக்குத்தான்” என்றார் தர்மகர்த்தா. “அடுத்த வருஷமும் நீங்கதான். ஆனா அதை மட்டும் வாசிங்க. ஊர்வலம் முழுக்க.”

வைரக்கண்ணு தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேவிட்டார். அங்கேயே உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்தார்கள். பிரித்து முடித்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஊர்வலம் மூன்று மணி நேரம். குப்பண்ணனிடம் இருப்பதோ நான்கே துண்டு, எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடிகூடத் தேறாது. மற்ற மூவரிடமும் அந்த மாதிரி ஒன்றுகூடக் கிடையாது.

உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டார் வைரக்கண்ணு. செட்டின் மானமே இப்போது உன் கையில்தான் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குச் சத்தமே இல்லாமல் டிரம் வாசித்துப் பதிந்து அனுப்பு, இங்கே நாங்கள் சமமாக வெட்டிக்கொள்கிறோம் என்றார்.

அந்தோணிசாமி வெகுநேரம் யோசித்தான். அவனும் கூத்தனேரிக்காரன்தானே.

“வாசிச்சிரலாம்ணே” என்றான் கடைசியில். “எதுல வேணும், ஊர்வலத் தாளத்துலயா, கும்மித் தாளத்துலயா?”