கடைமடை அதிகாரி

ராஜாக்கள் ஏரி வெட்டிப் பேர் வாங்கிய காலம். அடடா, அதெல்லாம் ஒரு காலம்! அப்போது ஒரு நாட்டில் ஏழு ஊருக்குச் சோறு போட்ட பெரிய ஏரி ஒன்று இருந்தது. முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச, அரசு முப்பது ஆட்களை வேலைக்கு வைத்திருந்தது; நீர்க்கட்டிகள் என்று அவர்களுக்குப் பேர்.

அவர்களுக்கு அதிகாரியாக வந்த சேந்தன், முதல் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினான். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் மாமனார் வயலுக்குத் திருப்பினான். ஒருவன் மச்சான் வயலுக்குத் திருப்பினான். ஒருவன் வேலைக்கே வரவில்லை. மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்கிறோம். மன்னன் எங்கேயோ இருக்கிறான், ஐயா! அதிகாரிதானே கண்ணெதிரே நிற்கிறான்? ஏரிக்கரையில் விரிசல் விழுந்தும் ஒருவரும் மண் போடவில்லை.

அரசர் சேந்தனை விலக்கி, ஆதிச்சன் என்பவரை அனுப்பினார். கரையை அடைக்கச் சொன்னார் ஆதிச்சன். "ஆகட்டும் ஐயா" என்றார்கள், மண்வெட்டியைத் தொடவில்லை. நாலு நாளில் இவரும் சேந்தன் ஆகிவிடுவார் என்று சிரித்துக்கொண்டார்கள்.

ஆதிச்சன் வயல் கடைமடையில் இருந்தது. தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்த பிறகுதான் அங்கே வரும். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது.

மூத்த நீர்க்கட்டி மாசாணம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "ஐயா, உங்க வயலுக்குத் திருப்பி விடட்டுமா?"

"என் முறை வரட்டும்."

பத்து நாள் கழித்துக் கேட்டான். அதே பதில். மறுபடி வந்தபோது மாசாணம் சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினான். அப்போதும் அதே பதில்.

முறை வருவதற்குள் ஏரி வற்றியது. ஆதிச்சன் பயிர் கருகிப் போயிற்று. அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்து அழுததை முப்பது பேரும் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து விரிசலை அடைத்தார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரை உடைந்தால் ஏழு ஊரும் போச்சு! ஆதிச்சனோ காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். முப்பது பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மண்ணும் வைக்கோலும் திணித்துக் கரையைக் காத்தார்கள்.

மழை விட்டதும் அரசர் ஓடி வந்தார். "யார் உத்தரவில் நின்றீர்கள்?"

மாசாணத்துக்குக் கண் கலங்கியது. "உத்தரவு ஒண்ணுமில்ல மகராசா. எங்க ஐயா பயிர் கருகினதைப் பார்த்தவங்க நாங்க. எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

அந்த ஏரி தூர்ந்துபோய் எத்தனையோ காலமாயிற்று. அவர்கள் கதையை நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைவன் நேர்மையாக நடந்தால், அவன் இல்லாத இடத்திலும் அவன் ஆட்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்வார்கள்.