வெள்ளைத்தாயின் சுழியமும் கொதிக்கும் எண்ணெயும்

அந்தக் காலத்திலே செவ்வந்தி நாட்டை மகுடவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது யார் என்றுகூடப் பார்க்கமாட்டான்.

அவன் மகளுக்கு வளைகாப்பு வந்தது. பிள்ளைத்தாய்ச்சியான இளவரசி, "அரண்மனைப் பலகாரமே வேண்டாம். தறிக்காரத் தெரு வெள்ளைத்தாய் வீட்டில் சுடுவாளே சுழியம், அதுதான் வேண்டும்" என்று சொல்லிவிட்டாள். மடைப்பள்ளி அதிகாரி நாகதேவருக்கு வயிறு எரிந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் கூடுகிற நாளில் தன் சமையலை யாரும் சீந்தமாட்டார்களே!

வெள்ளைத்தாய் கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கிளறிய பூரணத்தோடு வந்தாள். முற்றத்தில் அடுப்பு மூட்டி, உருண்டைகளை மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்தாள். முதல் தட்டை நாகதேவரிடம் கொடுத்து, "ஐயா, மேலே ஆறினாப்போல இருக்கும். உள்ளே பூரணம் கொதிக்கும். கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

நாகதேவர் தட்டை நேரே ராஜாவிடம் நீட்டினார். வாயே திறக்கவில்லை.

மகளுக்குக்கூடக் கொடுக்காமல் ராஜா ஒன்றை முழுசாக வாயில் போட்டுக் கடித்தான். அவ்வளவுதான்! நாக்கு வெந்துபோயிற்று. துப்பிவிட்டு, தட்டை எட்டி உதைத்தான்.

"யார் இதைச் செய்தது? இழுத்து வாருங்கள் அவளை!"

"மகாராஜா, இது சதி!" என்று நாகதேவர் எரிகிற கோபத்தில் எண்ணெய் வார்த்தார். "வெளியே ஆறியிருக்க, உள்ளே நெருப்பு இருக்குமென்று யார் கண்டது? நான் இந்தப் பண்டத்தைத் தொட்டதுகூட இல்லை. அவளும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை."

"நான் சொன்னேனே!" என்று கத்தினாள் வெள்ளைத்தாய்.

"பொய்! மகாராஜா, நம் நாட்டு வழக்கப்படி அவள் கையைக் கொதிக்கும் எண்ணெயில் விடட்டும். வேகாவிட்டால் குற்றமில்லை."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

வளையல் பூட்ட வந்த பெண்கள் அலறினார்கள். அமைச்சர் திருமேனியாருக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"தண்டனை எங்கே ஓடிவிடப் போகிறது, மகாராஜா? நாகதேவர் பலகாரத்தில் புலி. இந்தச் சுழியம் எதில் மட்டம் என்று ருசித்துச் சொல்லட்டும். சபையும் தெரிந்துகொள்ளும்."

நாகதேவருக்கு உச்சி குளிர்ந்தது. அமைச்சர் அடுப்படியிலிருந்து ஒன்றை இலையில் வாங்கி, சற்றுப் பொறுத்துத் தொட்டுப் பார்த்தார். "மேலே சூடே இல்லை. அப்படியே வாயில் போடுங்கள்" என்று நீட்டினார்.

நாகதேவர் அதைப் பிட்டார். ஆவி பறந்தது. உதட்டைக் குவித்து ஊதினார்.

"எதற்கு ஊதுகிறீர்?"

"உள்ளே பூரணம் சுடாதா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"



"தெரியுமா?" என்று சீறினார் அமைச்சர். "தெரிந்தும் ராஜாவிடம் ஏன் சொல்லவில்லை? நாக்கு வேகட்டும் என்றா? ஒரு பெண்ணின் கை வேகட்டும் என்றா?"

ராஜா துள்ளி எழுந்தான். "இவன் கையை விடுங்கள் எண்ணெயில்!"

காவலர்கள் நாகதேவரைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளைத்தாய் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலகாரம் சுடுற எண்ணெய் இது. இதிலே எவன் கையும் விழக் கூடாது!"

அமைச்சரும் விடவில்லை. "மகாராஜா, அவர் மறைத்தது குற்றம். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது யார் குற்றம்?"

ராஜா தலை குனிந்தான். நாகதேவரின் அதிகாரத் தலைப்பாகையை அங்கேயே கழற்ற வைத்து, "வந்திருக்கும் பெண்களுக்கெல்லாம் நீயே இலை போட்டுப் பரிமாறு" என்றான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி வெள்ளைத்தாயிடம் நீட்டினான்.

அவள் கை நீட்டவில்லை. "மாலை யாருக்கு வேணும்? கையை எண்ணெயில் விடுற இந்த வழக்கத்தை ஒழிங்க. நாளைக்கு இன்னொருத்தி நிப்பா. அவளுக்கு எந்த அமைச்சர் வருவார்?"

ராஜா அந்த இடத்திலேயே வழக்கத்தை ஒழித்தான். முரசு அறையச் சொன்னான். வெந்த நாக்கோடு, "மன்னித்துவிடு, தாயே" என்றான்.

"அதை அப்புறம் பார்ப்போம். எண்ணெய் காயுது, நகருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த உருண்டையை மாவில் தோய்த்தாள் வெள்ளைத்தாய்.

நாட்டை ஆண்ட ராஜா நகர்ந்து நின்றான்.