ராஜாவுக்கு வரி பிரித்த பிச்சக்கண்ணு

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிற கோமதிநாயகம் சலூனுக்குள் நுழைந்தபோது, ஆவுடையப்பனுக்கு ஒரு கன்னம்தான் வழித்திருந்தது. மறு கன்னம் முழுக்க நுரை. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஊர்க்கூட்டத்தில் பேசியதிலிருந்து சந்து சந்தாக நழுவிக்கொண்டிருந்த மனுசன், கழுத்தில் துண்டோடு வகையாக மாட்டிக்கொண்டார். ஓட வழியில்லை. ஆனால் வாய் இருக்கிறதே! பேசியே ஆளைக் களைக்கவைத்து அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"வாரும் வே! வரி பிரிக்கதுன்னா என்னன்னு உமக்குத் தெரியுமா? எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பிச்சக்கண்ணு, ஐந்நூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்து ராஜாவுக்கே வரி பிரிச்சுக் குடுத்தவரு!"

"அவுக எப்படி அங்க போனாவ?" என்றான் சலூன்காரன் சுடலைக்கண்ணு, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"மிளகுக் கப்பல்ல மூட்டைமேல படுத்து அசந்துட்டாரு. முழிச்சுப் பாத்தா லண்டன்! அந்த ராஜா அப்பத்தான் சண்டை போட்டுக் கிரீடத்தைப் புடிச்சிருக்காரு. கஜானாவுல சல்லிக்காசு கிடையாது. அங்க கிடந்த எலியெல்லாம் பட்டினி தாங்காம பக்கத்து ராஜா கஜானாவுக்குக் குடிபோயிட்டு. ராஜாவோ எச்சிக்கையால காக்கா ஓட்டாத ஆளு. மெழுகுவத்தியை அணைச்சுட்டு நெலா வெளிச்சத்துல கணக்குப் பாப்பாரு. அமாவாசைன்னா அரசாங்கத்துக்கே லீவு! அவருதான் எங்க தாத்தாவைப் புடிச்சு வரி பிரிக்க வச்சுக்கிட்டாரு."

கோமதிநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தார். போகிற மாதிரித் தெரியவில்லை. ஆவுடையப்பன் சரட்டை இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டார்.

"பிரபுமாரெல்லாம் அடியாள் படை வச்சு ராஜாவையே மிரட்டிட்டு இருந்தானுவ. ஒருத்தன் ராஜாவுக்கு விருந்து வச்சு, வாசல்ல ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்திப் பவுசு காட்டினான். ராஜா சாப்பிட்டு ஏப்பம் விடுதாரு. எங்க தாத்தா வாசல்லயே தலையை எண்ணி, அடியாள் வைக்கக்கூடாதுங்கிற சட்டத்தைக் காட்டி ஆளுக்கு இவ்வளவுன்னு அபராதம் போட்டுட்டாரு! விருந்து வச்ச பாத்திரத்தை வித்துக் கட்டினான் பாவி."

"அண்ணாச்சி, அசையாதிய. கத்தி பட்டுரும்."

"நீ வழி. பொறவு, 'ராஜா முன்னால ஒழுங்கா இருப்பேன், தவறினா பணம் கட்டுவேன்'னு எல்லாவனும் பத்திரம் எழுதிக் குடுக்கணும்னு சட்டம் வந்துது. தும்மினாக்கூட பணம் போச்சு. தாத்தா என்ன பண்ணினாரு? மிளகை இடிச்சு அவனுவ மூஞ்சிக்கு நேரா தூவிட்டுல்லா பக்கத்துல நின்னாரு!"

"யப்பா, காதுல பூ சுத்தினது போதும். தோட்டமே வச்சாச்சு," என்றான் சுடலைக்கண்ணு.

"கேளுலே! அதுலயும் தப்பினவனுக்குத் தாத்தா ஒரு கிடுக்கி போட்டாரு. பட்டுச்சட்டையும் கறிச்சோறுமா இருக்கானா? 'இவ்வளவு வசதி இருக்கே, எடும்!' கந்தலும் கஞ்சியுமா இருக்கானா? 'செலவே இல்லையே, மிச்சம் புடிச்சிருப்பீரே, எடும்!' ஒரு பய தப்பலை. கஜானா ரொம்பி, பாரம் தாங்காம இங்கிலாந்தே ஒரு பக்கமா கடல்ல சாஞ்சு போச்சு வே! தாத்தாதான் பாதித் தங்கத்தை மறுபக்கம் உருட்டிவிட்டு நிமித்தினாரு. இன்னும் கொஞ்சம் சாய்வு மிச்சம் இருக்கு; அங்க டம்ளர்ல டீ ஊத்தினா ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்கும்."

மறு கன்னமும் வழித்தாயிற்று. துண்டை உருவினான் சுடலைக்கண்ணு.

"நல்ல கதை," என்று எழுந்தார் கோமதிநாயகம். "கொடை வரி வே?"

"நம்மகிட்ட ஏது? சட்டையைப் பாரும், கிழிசல். காலையில வெறும் கஞ்சி."

"அப்ப செலவே இல்லையே. மிச்சம் புடிச்சிருப்பீரே, எடும்."

ஆவுடையப்பன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சும்மா சொன்னேன் வே! நேத்து வீட்ல ஆட்டுக்கறி. இருந்ததெல்லாம் செலவாயிட்டு."

"ஆட்டுக்கறி திங்க வசதி இருக்குல்லா? எடும்."

சுடலைக்கண்ணு சிரித்த சிரிப்பில் சீப்பு கீழே விழுந்தது. ஆவுடையப்பன் வேட்டிக்குள் கையை விட்டு, டவுசர் பையிலிருந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"அந்தத் தாத்தா கடைசியில என்ன ஆனாவ அண்ணாச்சி?" என்றான் சுடலைக்கண்ணு, சீப்பை எடுத்துக்கொண்டே.

விடுவாரா? "அவருகிட்டயே வரி கேட்டுட்டானுவ. அந்த ரோசத்துல கடல்மேலயே நடந்து ஊருக்கு ஓடி வந்துட்டாரு!"

கோமதிநாயகம் நோட்டுகளை மடித்துப் பையில் வைத்தார். கை திரும்பவும் நீண்டது.

"அம்புட்டுத் தூரம் ஓடி வந்தும் வரி விடலையே வே! போன கொடைப் பாக்கியையும் எடும்."