தரணி வாங்கிய சிங்கிள் ஓனர் கார்

தொட்டிக்காட்டுப்புதூரில் மூன்று பேர் ஒன்றாகப் படித்து ஒன்றாகத் தேறினார்கள். மூன்று பேரிடமும் டிகிரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதில் தரணிக்கு வேலை கிடைத்தது. காங்கேயத்துப் பக்கம் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனி. ஊர் ஊராகப் போய்த் தீவனம் விற்க வேண்டும். மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "திங்கட்கிழமை பத்து மணிக்குச் சொந்தக் காரோட வந்து நில்லு. கார் இல்லைன்னா நீயும் வராதே."

தரணிக்குத் தூக்கம் போய்விட்டது. பெரிய கார் வேண்டாம். பின்கதவைத் தூக்கினால் நாலு மூட்டை ஏற வேண்டும், அவ்வளவுதான். ஹேட்ச்பேக் என்பார்கள். புதுசுக்கு வழியில்லை. பழசுதான்.

பழசு வாங்குவதென்றால் விவரம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். மெக்கானிக் யாக்கோபுவைப் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை. செருப்புக் காலைப் பார்த்தபடியே யோசனை கேட்டுக்கொண்டார்கள்.

"மூணே விஷயம் தம்பி. இன்ஜின் சூடா இருக்கறப்பப் பார்க்காதே. நல்லா சில்லுனு இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாரு. அப்புறம் குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல ஓட்டிப் பாரு, சத்தம் வந்தா விட்டுரு. கடைசியா, சிங்கிள் ஓனர் வண்டி மட்டும் வாங்கு. ரெண்டாவது ஓனர் வண்டின்னா தொடவே தொடாதே."

மௌலி மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அவன்தான் அறிவாளி. மற்ற இருவரும் அப்படி நம்பினார்கள். நவநீதன் பலசாலி. தரணிக்கு அறிவும் இல்லை, பலமும் இல்லை. இவர்கள் இருவர் மேலும் நம்பிக்கை மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே நல்ல வண்டி அகப்பட்டது. ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டர் கோதண்டபாணியின் சிவப்புக் கார். கோயிலையும் ரேஷன் கடையையும் தவிர வேறு எதையும் பார்த்திராத வண்டி. அவர் ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். அதனால் விற்கிறார். தரணிக்குப் பார்த்ததுமே மனசு ஒட்டிக்கொண்டது.

நவநீதன் பானெட்டில் கை வைத்தான். "சூடுடா."

"இப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன் தம்பி. ஒரு மணி நேரத்துல ஆறிடும். மோர் கொண்டாறேன், உட்காருங்க" என்று போஸ்ட் மாஸ்டர் உள்ளே போனார்.

மௌலி உள்ளங்கையைப் பார்த்தான். "ஆறிப்போறது வேற, சில்லுனு இருக்கறது வேற. இந்தச் சித்திரை வெயில்ல எதுடா தானா சில்லுனு ஆகும்?"

யோசித்தால் நியாயம்தானே. நவநீதன் மீன் கடைக்கு ஓடினான். மோர் செம்போடு போஸ்ட் மாஸ்டர் வெளியே வந்தபோது, இன்ஜின் மேல் இரண்டு ஐஸ் பாளம் உட்கார்ந்திருந்தது. ஒரு பாளத்தில் ஒரு மத்தி மீனும் இருந்தது. காரைச் சுற்றித் தெருப் பூனைகள் எல்லாம் கூடிவிட்டன.

"அடப் பாவிகளா! என்னடா பண்றீங்க?"

"நீங்க மோர் குடிங்க. இதோ ஆயிடும்" என்றான் தரணி.

பாளத்தை இறக்கிச் சாவியைத் திருகினார்கள். ஒரே திருகல். வண்டி கிளம்பிவிட்டது. நல்ல வண்டி, பாவம்.

அடுத்தது குண்டும் குழியுமான ரோடு. அங்கேதான் தகராறு. அந்தத் தெருவுக்குப் போன வாரம்தான் புதுத் தார் ரோடு போட்டிருந்தார்கள். வாழையிலை மாதிரி கிடந்தது.

"பக்கத்து ஊர்ல நிறைய குழி இருக்குதேடா" என்றான் தரணி.

"அங்க போகணும்னா இந்த நல்ல ரோட்டுல ஓட்டித்தானே போகணும்? நல்ல ரோட்டுல ஓட்டுன்னு யாக்கோபண்ணன் சொன்னாரா?" என்றான் மௌலி.

சொல்லவில்லை. நவநீதன் யார் வீட்டிலிருந்தோ கடப்பாரை கொண்டுவந்தான். ஏழு குழி தோண்டினான். ஏழாவது குழி நன்றாக வந்தது. அதைத் தோண்டும்போது வார்டு மெம்பர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய்! பதினோரு வருஷம் மனுக் கொடுத்து வாங்கின ரோடுடா அது!"

"கோவிச்சுக்காதீங்க" என்றான் மௌலி. "சோதிச்சு முடிச்சதும் குழியை எடுத்துக்கிட்டுப் போயிடறோமுங்க."

வார்டு மெம்பர் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தரணி ஏழு குழியிலும் வண்டியை இறக்கி ஏற்றினான். முன்னாலிருந்து பின்னால் வரை காது கொடுத்துக் கேட்டார்கள்.

"சத்தம் வருதேடா" என்றான் நவநீதன்.

"அது வண்டி இல்லடா. வார்டு மெம்பர்."

இரண்டாவது சோதனையும் தேறிவிட்டது. தரணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திங்கட்கிழமை, பத்து மணி, சிவப்புக் கார். போஸ்ட் மாஸ்டரும் அவசரப்பட்டார். தெருவே அவர் வீட்டு வாசலில் திரண்டு நின்றது. பேப்பரையும் பேனாவையும் நீட்டினார்.

"கையெழுத்தைப் போடு. சாவியைப் பிடி. கிளம்பு."

"ஒரு நிமிஷமுங்க" என்றான் மௌலி. "நீங்க எத்தனாவது ஓனருங்க?"

"முதல் ஓனர். நான் ஒருத்தன்தான்."

"இவன் கையெழுத்துப் போட்டுட்டா?"

"இவன் ரெண்டாவது ஓனர்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தரணி பேனாவைக் கீழே வைத்தான், சுட்டதுபோல.

"பார்த்தியாடா! நல்ல வேளை" என்றான் மௌலி. "நீ வாங்கற வரைக்கும் இது நல்ல வண்டி. வாங்கின அடுத்த நிமிஷம் ரெண்டாவது ஓனர் வண்டி. தொடக் கூடாத வண்டி!"

"வாங்காம வெச்சுக்கிட்டா?" தரணிக்கு ஆசை விடவில்லை.

"அப்ப அது சொந்தக் கார் இல்லையே. மேனேஜர் என்ன சொன்னார்?"

போஸ்ட் மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அப்படின்னா உன் பேரைக் கோதண்டபாணின்னு மாத்திக்கோடா!" என்று கத்தினார்.

கால் மணி நேரம் அதையும் யோசித்தார்கள். அப்படிச் செய்தால் வேலைக்கான ஆர்டர் தரணி பேரில் இருக்கும், கார் கோதண்டபாணி பேரில் இருக்கும், சிக்கல் என்று விட்டுவிட்டார்கள். போஸ்ட் மாஸ்டர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தரணி சோறு தின்னவில்லை. எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் அவன் இரண்டாவது ஓனர். தப்பவே வழியில்லை. மௌலி பார்த்தான். எழுந்து நின்றான்.

"கண்டுபிடிச்சுட்டேன். ஓனரே இல்லாத பழைய வண்டி வேணும். அதை வாங்கினா நீதான் முதல் ஓனர்."

"அப்படி எங்கடா இருக்கும்?"

"நம்ம போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில ஒண்ணு நிக்குதே. யாரும் வந்து எடுத்து நான் பார்த்ததில்லை."

போனார்கள். ஹேட்ச்பேக்தான். மேலே கோவைக்கொடி படர்ந்திருந்தது. நவநீதன் பானெட்டைத் தூக்கினான். உள்ளிருந்து ஒரு தவளை குதித்தது.

"தவளை குடியிருக்குதுன்னா சில்லுனுதான் இருக்கும்" என்றான்.

நாலு சக்கரமும் ஏற்கெனவே குழிக்குள் இருந்தன. காதை வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை.

தரணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனான். எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கய்யா, மரத்தடியில நிக்குதே ஒரு கார், அதுக்கு ஓனர் யாருங்க?"

எஸ்.ஐ. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அதைத்தான் மூணு வருஷமாத் தேடிக்கிட்டு இருக்கோம். எதுக்குக் கேக்கறே?"

"மூணு வருஷமா ஒருத்தரும் வரலீங்களா?"

"நாப்பத்தி ரெண்டு ஆட்டைத் திருடி, ஒவ்வொண்ணா அந்த வண்டியிலதான் ஏத்தியிருக்கான். எப்படிடா வருவான்?"

தரணிக்கு ஆடு காதில் விழவில்லை. ஒருத்தரும் வரவில்லை என்பது மட்டும்தான் விழுந்தது.

"இனிமே தேடாதீங்கய்யா" என்றான் பூரித்துப்போய். "நான்தான் ஓனர்."

எஸ்.ஐ. எழுந்துவிட்டார். ஏட்டய்யா கதவை மறித்து நின்றார்.

"நீயா? அப்ப வாசல்ல நிக்கறானுங்களே, அவனுங்க ரெண்டு பேரும் கூட்டா?"

தரணிக்கு உயிரே போய்விட்டது. கடைசி நேரத்தில் மூன்று ஓனர் ஆகிவிடும் போலிருக்கிறதே!

"ஐயையோ, இல்லீங்கய்யா! அவங்களுக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லீங்க. நான் ஒருத்தன் மட்டும்தான். நல்லா அழுத்தி எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மௌலி கம்பெனிக்குப் போன் போட்டான்.

"சார், தரணி கார் வாங்கிட்டானுங்க. சிங்கிள் ஓனர்."

"நல்லது. வரச் சொல்லு."

"அதுலதான் சின்னச் சிக்கலுங்க. காரையும் விட மாட்டேங்கறாங்க, அவனையும் விட மாட்டேங்கறாங்க."

"யாருப்பா விட மாட்டேங்கறது?"

"போலீஸுங்க" என்றான் மௌலி. குரலில் பெருமை தாங்கவில்லை. "மூணு வருஷமா இவனைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்களாம் சார். காலேஜ்ல சேர்ந்ததுல இருந்தே! நீங்களே சொல்லுங்க, இந்த ஜில்லாவுல படிச்சு முடிச்ச வேற எந்தப் பையனையாச்சும் கவர்மெண்டு இப்படித் தேடியிருக்குதுங்களா?"