குழு வருவதற்கு முன்னால்

மார்கழி நடுவில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை முதலாளி செங்கோடனுக்கு ஒரு கடிதம் வந்தது. சட்டமன்றத்தின் மனுக்கள் குழு தை பிறந்ததும் ஆத்தூர் பக்கம் வருகிறது. ஐப்பசி மழையில் ஆலையின் கழிவுநீர்க் குட்டை உடைந்து ஊர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றி அவருடைய ஆலையை விசாரிக்கப் போகிறது.

ஆலைக்குப் பூட்டு விழுந்தால் அவரோடு சேர்ந்து ஊரில் பாதி அடுப்பு அணைந்துவிடும்.

பணம் உள்ளவனுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமா என்ன? சென்னையிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்தார். மேனேஜர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோரையும் நிறுத்தி, ஒரே பதிலை மனப்பாடம் செய்ய வைத்தார். மைத்துனர் தன் பங்குக்குப் பொன்னாடைகளும் வெள்ளி விளக்குகளும் வாங்கி வந்து இறக்கினார். எல்லாம் தயார் என்றார்கள். செங்கோடனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அவருக்குக் குரு என்று ஒருவர் உண்டு. கல்வராயன் மலையடிவாரத்தில் சின்ன மடத்தில் இருந்த தில்லைநாயகி அம்மையார். முன்பு சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். வயதில் செங்கோடனுக்கு மகள் போல. ஆனாலும் ஊரில் வேறெங்கும் முதுகு வளையாத மனிதர், அம்மையார் எதிரில் தரையில்தான் உட்காருவார்.

அன்று அம்மையார் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, குழு வர்றதுக்குள்ள நான் என்னங்க தயார் பண்ணணும்?”

“இதுவரைக்கும் என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

செங்கோடன் எல்லாவற்றையும் சொன்னார்.

“பொன்னாடை யாருக்குங்க?”

“குழுத் தலைவருக்கு. கூட வர்ற எம்.எல்.ஏ.க்களுக்கும்தான். ஆளுக்கொரு வெள்ளி விளக்கு.”

“விசாரிக்க வர்றவங்க கழுத்துல நீங்க சால்வை போட்டா, மறுநாள் பேப்பர்ல உங்க கை அவங்க கழுத்தைப் பிடிச்ச மாதிரிதான் தெரியும்.”

“வாசலுக்கு வந்தவங்களுக்கு மரியாதை பண்ண வேண்டாமுங்களா?”

“உக்கார நாற்காலி போடுங்க. குடிக்கத் தண்ணி வைங்க. அவங்க விருந்துக்கு வரல.”

செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மச்சான், தலைவரோட கட்சிக்கு ஏதாச்சும் நிதி குடுத்து வெக்கலாம்னு சொல்றான்.”

“இப்பவா?”

அந்த ஒரு சொல்லோடு அந்த யோசனை செத்தது.

“அப்ப வேற என்னதானுங்க தயார் பண்றது?”

“போகி அன்னிக்குக் காலையில ஆலைக்கு வர்றேன்” என்றார் அம்மையார். காய் நறுக்கி முடிந்திருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வழி நெடுக செங்கோடனுக்குக் கோபம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் குரு என்ன குறைந்தா போய்விடுவார்? நூறு பேர் வேலை பார்க்கும் ஆலையைச் சமாளிக்கலாம், ஒரு குருவைச் சமாளிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

போகி விடிந்தது. ஆலை வாசலில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்காக நனைத்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பழைய சாக்கு, உடைந்த கூடை, ஆபீஸ் அலமாரியிலிருந்து ஒதுக்கிய பழைய காகிதக் கட்டுகள் எல்லாம் மலையாகக் குவிந்திருந்தன. போகிக்கு ஆலையில் சேர்ந்த பழசையெல்லாம் வெளியே தள்ளிக் கொளுத்துவது செங்கோடனின் அப்பா காலத்து வழக்கம். மேனேஜர் மாதேசன் தீப்பெட்டியோடு நின்றார்.

அம்மையார் வந்தார். நேராகப் போய்க் குவியலின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் பதறிப்போனார்கள்.

“அம்மா, எந்திரிங்க. அது குப்பைங்க” என்றார் செங்கோடன்.

“குப்பைதானே? கொளுத்துங்க.”

“அதுல ஒண்ணுமே இல்லீங்கம்மா. வருசா வருசம் கொளுத்துறதுதான். ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும். குழு வேற ஊருல இருந்து வருது. கடுதாசி வந்த பிறகு காகிதம் எரிஞ்சுதுன்னா, அதுல ஒண்ணும் இல்லைங்கிறதை எதைக் காட்டிச் சொல்வீங்க? சாம்பலையா?”

குற்றம் எதுவும் செய்யாமலே குற்றவாளியாகத் தெரிய இருந்தது செங்கோடனுக்குப் புரிந்தது. மேனேஜரைக் கூப்பிட்டார்.

“மாதேசா, காகிதம் அத்தனையும் உள்ள போகட்டும். ஒரு துண்டுகூட வெளிய கிடக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல, போன்ல இருக்கிறதையும் யாரும் அழிக்க வேண்டாம்.”

கூடையையும் சாக்கையும் மட்டும் கொளுத்தினார்கள். அம்மையார் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“சரி. இப்ப நான்தான் குழு. ஆளுங்களைக் கூப்பிடுங்க.”

ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அம்மையார் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கழிவுநீர்க் குட்டையின் கரை எப்படி உடைந்தது?

“மழை இயற்கைச் சீற்றம். கரையின் நிலை பற்றி எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது” என்றார் ஃபோர்மேன்.

“மழை இயற்கைச் சீற்றம். கரையின் நிலை பற்றி எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது” என்றார் லாரி டிரைவர். வாழ்நாளில் இத்தனை சுத்தமான தமிழை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அம்மையார் சிரிக்கவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு மாதேசனை மட்டும் நிற்கச் சொன்னார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

“செங்கோடரே, இதுல நீங்க உக்காருங்க.”

“நானுங்களா?”

“இப்ப நீங்கதான் குழு. இவர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர். கேளுங்க.”

செங்கோடன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். தன் ஆலைக் களத்தில் தானே ஏதோ அந்நியன்போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“மாதேசா, கரை எப்படி உடைஞ்சுது?”

“மழை இயற்கைச் சீற்றம். கரையின் நிலை பற்றி…”

“அதை விடு. குட்டைய தினம் பாக்கிறவன் நீ. கரை பலமில்லேன்னு உனக்குத் தெரியாதா?”

“மழை இயற்கைச்…” என்று மாதேசன் மறுபடி ஆரம்பித்தார்.

குழுவாக உட்கார்ந்தவருக்கு இப்போது நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. குரல் தானாக உயர்ந்தது. “தெரியுமா, தெரியாதா?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சவன் யாருகிட்டயாவது சொன்னியா?”

மாதேசன் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு களத்தைப் பார்த்தார்.

“உங்ககிட்டதானுங்க சொன்னேன். புரட்டாசியில. கரை கட்டணும்னா பத்து நாள் அரவைய நிறுத்தணும்னேன். கிழங்கு வந்து குவியுது, சீசன் முடியட்டும்னீங்க.”

செங்கோடனுக்கு நினைவு வந்தது. மறந்ததுபோல் இருந்தாரே தவிர, மறக்கவில்லை. வக்கீல் கொடுத்த பதிலில் ‘எங்களுக்கு’ என்பது முதலில் தன்னைத்தான் மூடி வைத்திருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மாதேசன் அவசரமாகச் சொன்னார்: “குழு முன்னாடி இதைச் சொல்ல மாட்டேனுங்க. உங்க உப்பைத் தின்னவன்.”

“சத்தியம் பண்ணச் சொல்வாங்க” என்றார் அம்மையார்.

“பண்ணிட்டுத்தானுங்க.”

செங்கோடனுக்கு அவமானமாக இருந்தது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள் வாசலில் வந்து கத்தியபோதுகூட அவருக்கு இப்படி இருக்கவில்லை. பத்து நாள் அரவைக்காக ஒரு நல்ல மனிதனைப் பொய்ச் சத்தியம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நீ பொய் சொல்ல வேண்டாம், மாதேசா. நானே சொல்றேன். நீ முன்னாடியே சொன்னதையும், நான் கேக்காம போனதையும். குத்தகைக்காரங்களுக்கு நஷ்டத்தையும் குடுத்திடலாம்.”

“ஆலையை மூடிட்டாங்கன்னா?” என்றார் மாதேசன்.

“மூடட்டும். கரைய கட்டிட்டுத் திறக்கச் சொல்லிக் கேப்போம்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சும்மாவா சொன்னார்கள். சிரித்த முகத்தோடு குருவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இப்ப நான் தயார்தானுங்களே?”

அம்மையார் மாதேசனைக் கேட்டார்.

“புரட்டாசிக்கு அப்புறம் வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இவருகிட்டப் போனீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“சொல்றதுக்கு எதுவும் இல்லையா?”

மாதேசன் கையைப் பிசைந்தார்.

“இருக்குதுங்க. மேக்குக் குட்டையிலயும் அடியில கசியுது. பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துல வாடை வர ஆரம்பிச்சிருக்குது.”

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அடப்பாவி! இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?”

மாதேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு செங்கோடன் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கேள்விக்குப் பதில் தயார் பண்ணுங்க.”