மிச்சமிருப்பதே படம்

பாளையங்கோட்டைப் புகைப்பட நண்பர் குழுவில் மொத்தம் மூன்று பேர். மூவரிடமும் விலையுயர்ந்த கேமரா இருந்தது. வேறெதுவும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

தலைவர் ஆறுமுகநயினாருக்கு ஒரே ஆசை. இந்த வருஷக் கண்காட்சியில் தன் படம் ஒன்று தொங்க வேண்டும். அதை மனைவியின் தம்பி சங்கரபாகம் வந்து பார்க்க வேண்டும். "அத்தான், கேமராவ வித்து ஒரு கிரைண்டர் வாங்கலாம்லா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் அவன்.

படம் தேடி ஊருக்குள் நடக்கும் முன், வெளியூர் நிபுணர் ஒருவர் பாடம் எடுத்தார். "பொருளை நெருங்குங்கள்" என்றார். குழுவின் இரண்டாமவர் மூக்காண்டி எருமையை நெருங்கினார். அது லென்ஸை நக்கிற்று. "தாழ்ந்து பாருங்கள்" என்றார். இன்னொருவர் லாசரஸ் பஸ் ஸ்டாண்டில் மல்லாந்து படுத்தார். யாரோ புண்ணியவான் முகத்தில் சோடா தெளித்து எழுப்பிவிட்டார்.

மூன்றாவது பாடத்தை நயினார் தனக்கென்று வைத்துக்கொண்டார்: "படத்தில் தேவையில்லாததை நீக்குங்கள். மிச்சமிருப்பதே படம்."

வெள்ளையடித்த மதிலோரம் நுங்கு வண்டிக்காரர் பொன்னுலிங்கம் அரிவாளை ஓங்கி நின்றார். சாய்ந்த வெயில் முகத்தில் விழுந்தது. சீவிய நுங்கில் ஈரம் மின்னியது. கண்ணுள்ளவன் எவனும் அந்தக் கணமே பொத்தானை அமுக்கியிருப்பான். இவர்கள் கூடிப் பேசினார்கள்.

"வண்டில நிக்க குடை தேவையா?"

"எதுக்கு அண்ணாச்சி? வெயில மறைக்கி."

குடை போயிற்று.

"வண்டி?"

"சக்கரம் இருக்குல்லா, உருளும். படம் ஆடிப்போகும்."

மூவரும் வண்டியைத் தள்ளித் தெருமுனையில் விட்டார்கள்.

"கையில இருக்க நுங்கு?"

"படத்துல திங்கவா முடியும்?"

பொன்னுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "நுங்கும் இல்லன்னா நான் எதுக்குவே நிக்கேன்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நியாயமான கேள்வி" என்றார் லாசரஸ்.

அவரையும் அனுப்பிவிட்டு, வெறும் மதிலை நயினார் பயபக்தியோடு எடுத்தார்.

கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு அந்தப் படம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லத் தைரியமுமில்லை. ஆகவே மாட்டிவிட்டார்கள்.

கண்காட்சி அன்று, சங்கரபாகம் வருமுன், தொங்குகிற தன் படத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ள நினைத்தார் நயினார். கேமராவில் கண்ணை வைத்தவர் முகம் சுளித்தார்.

"சுத்தி இருக்க கறுப்புச் சட்டம் உறுத்துதுடே."

"சட்டத்தக் கழட்டுனா படம் எப்படி நிக்கும்?" என்றார் லாசரஸ்.

"அப்ப ரெண்டையும் எடுத்திருவோம்" என்றார் மூக்காண்டி.

படத்தைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சுவரைப் படமெடுத்து முடிக்கவும் சங்கரபாகம் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"எங்க அத்தான் ஒங்க படம்?"

நயினார் சுவரைக் காட்டினார்.

சங்கரபாகம் கிட்டே போய்ப் பார்த்தான். எட்ட நின்று பார்த்தான். அவன் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

"அத்தான், மன்னிச்சிருங்க. ஒங்கள என்னமோன்னு நெனச்சிட்டேன். அந்த ஆணி இருக்கே, தொட்டாக் கையில குத்தும்போல அப்படியே இருக்கு!"

நயினாரின் முகம் வெளிறியது.

"ஆணியா? ஏ மூக்காண்டி, ஓடிப்போய் ஒரு குறடு கொண்டாடே! அத நீக்க மறந்துட்டமே!"